காயவைத்த மண்

தார்ப்பாய் கிழிந்துவிட்டது என்று செட் குபாட்ஸ்கி ஏப்ரல் மாதமே சொல்லிவிட்டான். மழை வந்தால் பேஸ்பால் ஆடுகளத்துச் செம்மண் நனையாமல் இருக்க ஆட்கள் வரிசையாக நின்று இழுத்து மூடுகிற பெரிய தார்ப்பாய் அது. அதன் நடுவில் ஒரு மாடு நுழைந்து வெளியே வருகிற அளவுக்குக் கிழிசல். புதிதாக ஒன்று வாங்கித்தர அணி முதலாளி பிரெஸ்காட்டுக்கு மனசு வரவில்லை. "ஒட்டிப் பாருங்க செட், இந்த சீசன் ஓடட்டும்" என்றார். செட் ஒட்டினான். ஜூனில் பிய்ந்தது. மறுபடி போய்க் கேட்டதற்கு மறுபடியும் அதையே சொன்னார். எங்கள் ஊர் போர்ட் அட்லரில் அந்த வருஷம் எல்லாமே ஒட்டுப்போட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்டேடியத்தின் லட்சணத்தைச் சொல்லவே வேண்டாம். விளக்குக் கம்பங்கள் ஏரிக்காற்றில் துருப்பிடித்து, பாதி விளக்கு எரியாமல், இடது மூலையில் பந்து விழுந்தால் தடவித்தான் எடுக்க வேண்டும். கூரை ஒழுகும். மண்ணுக்கு அடியில் ஓடுகிற வடிகால் குழாய் செட்டின் அப்பா காலத்தில் பதித்தது. பாதிக்கு மேல் அடைத்துக்கொண்டது. இதையெல்லாம் சரி பண்ணாவிட்டால் இனி இங்கே ஆட்டம் கிடையாது என்று லீக்கிலிருந்து சொல்லிவிட்டார்கள். கட்டடம் மாவட்டக் கமிட்டியுடையது, அவர்கள் செய்யட்டும் என்றார் பிரெஸ்காட். அணி உங்களுடையது, நீங்கள் செய்யுங்கள் என்றது கமிட்டி. நடுவில் தெற்கே ஏதோ ஒரு ஊர், நாங்கள் புது ஸ்டேடியமே கட்டித் தருகிறோம், வாருங்கள் என்று அழைப்பதாகப் பேச்சு. ஸ்டர்ஜன்ஸ் அணி போகப்போகிறது, அதெல்லாம் போகாது என்று முடிவெட்டுகிற கடையிலிருந்து மாதாகோயில் வாசல்வரை இதே ரகளைதான்.

ஸ்டர்ஜன் என்பது எங்கள் ஏரி மீன். பார்க்க லட்சணமாக இருக்காது, ஆனால் லேசில் சாகாது. அணியும் அப்படித்தான். பெரிய லீக் கிடையாது, அதற்குப் பல படி கீழே. ஆனாலும் சம்பளம் வாங்கி ஆடுகிற பையன்கள். இரும்பாலை மூடின பிறகு எங்கள் ஊரில் சாயங்காலமானால் விளக்கு எரிகிற ஒரே பெரிய கட்டடம் அந்த ஸ்டேடியம்தான்.

செட் அங்கே மைதானக்காரன். அவன் பெண்டாட்டி டார்லீன், களத்தில் ஓடுகிறவர்கள் தொட்டுப் போகிற மூன்றாம் தளத்துக்குப் பின்னால், ஜனங்கள் படியேறும் இடத்தில் சாசேஜ் கடை போட்டிருந்தாள். சாசேஜ், வதக்கின வெங்காயம், உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து வெண்ணெயில் புரட்டின பியரோகி. புருஷன் மண்ணைப் பார்த்துக்கொண்டான், பெண்டாட்டி அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். வீட்டுக்குள் வருகிற எல்லாமே அந்த ஒரே வாசல் வழியாகத்தான் வந்தது. அணி போய்விட்டால் அறுபது வயதில் இரண்டு பேரையும் எவன் வேலைக்குக் கூப்பிடப் போகிறான்? அரிசோனாவில் இருக்கிற மகள் டாமி, வீட்டை விற்றுவிட்டு வந்துவிடுங்கள் என்று வாராவாரம் போனில் நச்சரித்துக்கொண்டிருந்தாள். அங்கே மழையே பெய்யாதாம். மழை இல்லாத ஊரில் செட் என்ன பண்ணுவான் என்று டார்லீனுக்கு நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

செப்டம்பரில் சீசனின் கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை வந்தது. ஆட்டம் பார்க்கக் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் வருகிறார்கள் என்று தகவல். செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு. ஸ்டேடியத்தை ரிப்பேர் செய்வதா, வேண்டாமா? கமிட்டித் தலைவி வெர்னா ஹாலவே, "என் கண்ணால கூட்டத்தைப் பாத்துட்டுத்தான் கை தூக்குவேன்" என்று சொல்லியிருந்தாள். ஊரே அந்தச் சனிக்கிழமைக்குக் காத்துக்கிடந்தது.

வெள்ளிக்கிழமை மழை பிடித்தது. ஏரிப்பக்கத்திலிருந்து சாய்வாக அடிக்கிற மழை, விடியும்வரை விடவில்லை.

சனிக்கிழமை காலையில் தார்ப்பாயைச் சுருட்டினபோது கிழிசலுக்கு நேர்கீழே இரண்டாம் தளத்தில் ஒரு குட்டை நின்றது. கடல்காக்கை ஒன்று அதில் இறங்கி நின்று சாவகாசமாகத் தண்ணீர் குடித்தது. செட் அதை விரட்டக்கூட இல்லை.

"நாலு மணிக்கு அம்பயர் வந்து மிதிச்சுப் பாப்பாரு" என்றான். "காலு புதைஞ்சுதுன்னா ஆட்டம் கிடையாது."

"இன்னொரு நாள் ஆடக்கூடாதா?" டார்லீன் கேட்டாள்.

"கடைசி ஆட்டம் டார்லீன். நாளைக்கு அந்தப் பசங்க பஸ் ஏறி அவங்கவங்க ஊருக்குப் போயிடுவாங்க."

"அப்ப கமிட்டிக்காரங்க?"

"அவங்க வந்து காலி நாற்காலியைப் பாத்துட்டுப் போவாங்க."

டார்லீன் போனை எடுத்தாள். தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள், அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொன்னார்கள். பத்து மணிக்கெல்லாம் ஊர் கிளம்பி வந்துவிட்டது. துடைப்பத்தோடு சிலர், குளியலறைத் துண்டு, படகில் தண்ணீர் இறைக்கிற டப்பா, இலை ஊதுகிற மெஷின். பாதர் ஸ்டீபன் அங்கியை மடித்துச் செருகிக்கொண்டு ஸ்பாஞ்சால் தண்ணீரை ஒற்றி வாளியில் பிழிந்தார். "பாதர், இதுல பாவம் கழியுமா?" என்று யாரோ கேட்டதற்கு, "உன் கணக்குக்கு இந்த மைதானம் பத்தாது" என்றார். சிரிப்பும் கும்மாளமுமாக வேலை நடந்தது. டார்லீன் அடுப்பைப் பற்றவைத்து வெங்காயத்தைக் கல்லில் போட்டாள். அந்த வாசனை வந்ததும் ஜனங்களுக்குத் தெம்பு வந்துவிட்டது.

தண்ணீர் போயிற்று. சேறு போகவில்லை. ஈரம் உறிஞ்சுகிற களிமண் தூள் இருந்த மூட்டைகள் மதியத்துக்குள் தீர்ந்துபோயின. இன்னும் கொஞ்சம் வாங்கிவைக்கச் சொல்லி ஆகஸ்டிலேயே செட் கேட்டிருந்தான். பிரெஸ்காட் பார்க்கலாம் என்றார், பார்க்கவில்லை. வெயில் எட்டிப் பார்த்துவிட்டு மேகத்துக்குள் போய்விட்டது. காற்று அசையவில்லை. செட் இரண்டாம் தளத்தில் காலை வைத்தான். கணுக்கால்வரை உள்ளே போனது. பூட்ஸைப் பிடித்து உருவித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

அப்போதுதான் டார்லீனின் தம்பி லானி தன் பிக்கப் வண்டியை வெளிச்சுவர்க் கதவு வழியாக உள்ளே கொண்டுவந்தான். பின்னால் சிவப்பு டப்பாக்கள். படகுக்கு வாங்கி வைத்திருந்த பெட்ரோல்.

"மச்சான், ஒங்கப்பா பண்ணதைப் பண்ணிப்புடுவோம்" என்றான்.

வயதானவர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் அப்படித்தான். மண் காயாவிட்டால் மைதானக்காரன் பெட்ரோலைத் தெளித்துக் கொளுத்திவிடுவான். எரிந்து முடிந்ததும் வாரிவிட்டு ஆடுவார்கள். செட்டின் அப்பா அதில் கைதேர்ந்த ஆள். சின்னப் பெண்ணாக இருந்தபோது டார்லீன் அப்பா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறாள். மைதானம் நீலமாக எரிய, ஜனம் கைதட்டும். பிறகு சட்டம் வந்து அதை நிறுத்திவிட்டது.

"அது கூடாது லானி. மண்ணுக்குள்ள எறங்கும்" என்றான் செட். "வடிகால்ல போனா நேரா ஏரிக்குத்தான் போகும்."

"வடிகால் அடைச்சுக்கிடக்குன்னு வருஷம் பூரா பொலம்புனது யாரு? நானா?" டார்லீன் கரண்டியோடு வந்து நின்றாள்.

"டார்லீன், புரியாமப் பேசாத. புடிச்சாங்கன்னா மொத்த மண்ணையும் தோண்டச் சொல்லுவாங்க."

"யாரு புடிக்கப்போறா? எல்லாம் நம்ம ஆளுங்கதான நிக்கிறாங்க."

"எனக்கு மனசு ஒப்பல."

"ஒனக்கு என்னைக்குத்தான் ஒப்புச்சு? பொண்ணு பாக்க வந்தப்பவும் வாசல்லயே நின்னுட்டிருந்த, எங்கப்பாதான் கையைப் புடிச்சு உள்ள இழுத்தாரு. தார்ப்பாய் கேட்ட, குடுக்கல, சரின்னு வந்துட்ட. தூள் கேட்ட, குடுக்கல, சரின்னு வந்துட்ட. இன்னைக்கு ஆட்டம் போச்சுன்னா டீமும் போச்சு. அப்புறம் நீ அரிசோனாவுல போயி எதை வாருவ? மணலையா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செட்டின் காது சிவந்துபோனது. அவன் கையிலிருந்த மண்வாரியைக் கீழே போட்டுவிட்டு வேலியோரமாகப் போய் நின்றான். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

லானி தெளித்தான். கூட்டம் வேலிக்கு வெளியே போனது. தீக்குச்சியை உரசும்போது மட்டும் லானிக்குக் கை நடுங்கிற்று. காலையிலேயே கொஞ்சம் போட்டிருந்தான். "குடுடா இப்படி" என்று டார்லீன் வாங்கினாள். ஒரு பழைய நாளிதழைச் சுருட்டிப் பற்றவைத்துத் தூர நின்று எறிந்தாள்.

பொஃப் என்று ஒரு சத்தம். மண் எரிந்தது.  பிறகு ஒருத்தன் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். டார்லீன் தீயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சின்ன வயதில் பார்த்த அதே நீலம்.

நான்கு மணிக்கு அம்பயர் வந்தார். மிதித்தார். மூக்கைச் சுளித்தார். "என்ன வாடை இது?" என்றார்.

"வெங்காயம்" என்றாள் டார்லீன்.

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஆடலாம்" என்றார்.

அன்றைக்கு மாதிரி ஒரு கூட்டம் இருபது வருஷமாகக் கூடியதில்லை. உட்கார இடமில்லாமல் படிகளில் நின்றார்கள். வெர்னா ஹாலவே டார்லீன் கடைக்கு வந்து பியரோகி வாங்கித் தின்றுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்தாள். "இதுல என்னம்மா போடுறீங்க?" என்று கேட்டாள். "வெண்ணெய்ல மட்டும் கஞ்சத்தனம் கூடாதுங்க" என்றாள் டார்லீன். ஸ்டர்ஜன்ஸ் தோற்றது. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. தோற்பது எங்களுக்குப் பழக்கம். முடிந்ததும் வழக்கம்போலக் குழந்தைகளைக் களத்தில் இறக்கிவிட்டார்கள். முதல் தளம், இரண்டாம் தளம் என்று அவை சுற்றிச் சுற்றி ஓடின. பெற்றவர்கள் கூப்பிட்டும் வரவில்லை. வீட்டுக்குப் போன குழந்தைகள் எல்லாருடைய கால்சட்டையிலும் பெட்ரோல் வாடை அடித்தது.

திங்கட்கிழமை விஷயம் வெடித்தது. கைதட்டினவர்களில் ஒருவன் அதைப் போனில் படம் பிடித்து, பெருமையாக ஊருக்கெல்லாம் அனுப்பியிருந்தான். வெள்ளை உடுப்புப் போட்ட சுற்றுச்சூழல் ஆட்கள் வந்து மண்ணைக் குழாயில் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு மெஷின் வந்து இரண்டாம் தளத்தைத் தோண்டியது. மூன்றாம் தளத்தையும் தோண்டியது. செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பைக் கமிட்டி தள்ளிவைத்தது. மண் சுத்தமாகாமல் எதையும் பேச முடியாது என்றாள் வெர்னா ஹாலவே.

அதே வாரத்தில் பிரெஸ்காட் டிவிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். முகம் ரொம்ப வருத்தமாக இருந்தது. "இந்த ஊரை நாங்க குடும்பமா நெனச்சோம். ஆனா ஆட ஒரு தரை வேணும் இல்லையா? இப்ப அதுவும் இல்லை. லீக் காத்திருக்காது. வேற வழியில்லாமப் போறோம்" என்றார். அடுத்த சீசன் தெற்கே. முடிந்தது கதை.

யார் கொளுத்தியது என்று விசாரித்தார்கள். படத்தில் முதுகுகள்தான் தெரிந்தன. "நான்தான்" என்றான் செட். வேலை போயிற்று. அபராதமும் வந்தது.

அன்றைக்குச் சமையலறையில் டார்லீன் அவனைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குப் பொய் சொன்ன? கொளுத்துனது நானு. வேண்டாம்னு சொன்னவன் நீ."

"மைதானம் என்னுது. தடுக்கலையே."

"நான் போயி சொல்லப்போறேன்."

"சொல்லி? ஒரு வீட்டுல ரெண்டு பேருக்கும் கெட்ட பேரு எதுக்கு? சூப்பை ஊத்து."

அவள் சூப்பை ஊற்றினாள். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை அவளுக்கு.

மைதானத்தில் நின்றவர்களுக்கெல்லாம் உண்மை தெரியும். ஆனாலும் அவர்களும் கைதட்டினவர்கள்தானே. செட் தலையில் போனால் தங்களுக்கும் நிம்மதி என்று வாயை மூடிக்கொண்டார்கள். நிற்காதவர்கள் வாயைத் திறந்தார்கள். மாதாகோயிலில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போனால், இவர்கள் உட்கார்ந்த மேஜையில் வேறு யாரும் வந்து உட்காரவில்லை. தட்டில் மீன் வைத்த பெண் செட்டின் முகத்தைப் பார்க்காமலே வைத்துவிட்டுப் போனாள். ஒருநாள் காலையில் தபால் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தீப்பெட்டி கிடந்தது. செட் அதை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, "நெறையத்தான் இருக்கு" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். டார்லீன் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். அணியைத் துரத்தினது தான்தான், அவன் பேரைக் கெடுத்ததும் தான்தான் என்று அவளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அரிசோனாவுக்குப் போய்விடலாம் என்று முதல் தடவையாக அவளே சொன்னாள். செட் வாசலில் கிடந்த இலைகளை வாரப் போனான்.

அக்டோபரில் சாமான் ஏற்ற லாரிகள் வந்தன. கடையைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அடுப்புக்கல் டார்லீனுடைய சொந்தக் கல். அதை எடுக்கத்தான் போனாள். மைதானத்தில் இரண்டாம் தளம் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது, அதைச் சுற்றி மஞ்சள் நாடா. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

லாரி டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். தொப்பையும் தாடியுமாக, பார்த்தாலே சாப்பாட்டுப் பிரியர் என்று தெரிந்தது. "கடை இருக்குதாங்க?"

"மூடியாச்சு. ரெண்டு சாசேஜ் மிச்சம் இருக்கு. உக்காருங்க, சுட்டுத் தர்றேன்."

அவர் உட்கார்ந்தார். வெங்காயம் இல்லாத சாசேஜைத் தின்றுகொண்டே ஊரைப் பற்றிப் பேசினார், ஏரியைப் பற்றிப் பேசினார். "தெற்க எல்லாம் புத்தம் புதுசுங்க. எறக்கி வைக்கப் போய்ப் பாத்துட்டு வந்தேன். இங்க இருக்கிற நாற்காலியில பாதியை அங்க சேக்கவே மாட்டாங்க."

"அவசர அவசரமா வரவச்சிருப்பாங்களே உங்களை" என்றாள் டார்லீன். பேச்சுக்குச் சொன்னதுதான்.

"அவசரமா? சேச்சே. இந்தச் சவாரியை ஜூன்லயே பேசியாச்சு."

டார்லீனின் கையில் சுரண்டி நின்றது. "எந்த ஜூன்?"

"இந்த வருஷ ஜூன்தாங்க. எம்பொண்ணு காலேஜ் முடிச்ச வாரம். விழாவுல உக்காந்திருக்கேன், போன் வருது. அக்டோபர் மொதல் வாரம், ஆறு லாரி, போர்ட் அட்லர்லேர்ந்து தெற்கேன்னு சொன்னாங்க. எம்பொண்டாட்டி தொடையில கிள்ளினா, போனை வையின்னு." அவர் சிரித்தார். "ஏங்க, ஒங்களுக்கெல்லாம் தெரியாதா?"

"யாரு போன் பண்ணது?"

"பிரெஸ்காட் ஆபீஸ்தான். வேற யாரு பண்ணுவா?"

ஜூன். தார்ப்பாய் இரண்டாம் தடவை பிய்ந்த மாதம். ஒட்டிப் பாருங்க, இந்த சீசன் ஓடட்டும். டார்லீன் சுரண்டியைக் கல்லின் மேல் வைத்தாள். அடுத்த சீசனில் மூட வேண்டிய தரையே இல்லாதவன் எதற்குத் தார்ப்பாய் வாங்குவான்? தூள் எதற்கு? கமிட்டிக்காரர்கள் எதற்கு? அவளுக்கு முதலில் வந்தது கோபம்கூட இல்லை.  கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னங்க, உடம்புக்கு முடியலையா?" டிரைவர் எழுந்தார்.

"ஒண்ணுமில்ல. நீங்க சாப்பிடுங்க. இன்னொண்ணும் ஒங்களுக்குத்தான்."

அடுப்புக்கல்லை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இன்றைக்கு அதை அவள் கவனிக்கவே இல்லை.

செட் பின்பக்கத்தில் ஏணி போட்டுக் குளிர்காலக் கண்ணாடிச் சட்டங்களை ஜன்னல்களில் மாட்டிக்கொண்டிருந்தான். விற்றுவிட்டுப் போவதாக இருந்தால் மாட்டத் தேவையில்லை. போவதா வேண்டாமா என்று அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. சட்டத்தை மட்டும் மாட்டிக்கொண்டிருந்தான்.

ஏணிக்குக் கீழே நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். லாரி, ஜூன், போன். மூச்சு வாங்கச் சொன்னாள். செட் திருகாணியைத் திருகிக்கொண்டே கேட்டான்.

"எல்லாம் பிரெஸ்காட் போட்ட நாடகம் செட். ஒட்டுன்னான், நீ மண்டியிட்டு ஒட்டுன. பாதர் ஸ்பாஞ்சால தொடச்சாரு. அவன் மாடியில கண்ணாடிக்குப் பின்னால நின்னு காபி குடிச்சிட்டிருந்தான், நானே பாத்தேன். நாம கொளுத்துனாலும் போயிருப்பான், கொளுத்தலைன்னாலும் போயிருப்பான். ஒன் வேலை போச்சு, அபராதம் வந்துச்சு. இந்த ஊரு ஒன் மூஞ்சில முழிக்க மாட்டேங்குதே, எல்லாம் அந்தப் பாவிக்காகவா? நாளைக்கு மீன் வறுவல்ல எந்திரிச்சு நின்னு சொல்லப்போறேன். கொளுத்துனது நான்தான்னும் சொல்லப்போறேன். நீ தடுத்தாலும் சரி."

"தடுக்கல" என்றான் செட்.

அவள் அவனிடமிருந்து ஒரு கோபத்தை எதிர்பார்த்தாள். ஒரு கெட்ட வார்த்தையாவது. அவன் திருப்புளியைச் சட்டைப்பையில் செருகினான்; அங்கே அந்தத் தீப்பெட்டி இன்னும் இருந்தது. கீழே இறங்கி ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

"அப்ப அன்னைக்கு நாம கொளுத்தாம இருந்திருந்தா?" என்றான்.

"என்ன?"

"அம்பயர் காலை வச்சுப் பாத்துட்டு ஆட்டம் இல்லைன்னிருப்பாரு. மழையில போச்சுன்னு எல்லாருக்கும் வழக்கம்போல அந்தத் துண்டுச்சீட்டைக் குடுத்து அனுப்பியிருப்பாங்க. அடுத்த வருஷம் எந்த ஆட்டத்துக்கு வேணும்னாலும் இதைக் காட்டி உள்ள வரலாம்னு."

டார்லீன் ஏணியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் அதை வாங்கிப் பைக்குள்ள வச்சுக்கிட்டுப் போயிருப்பாங்க. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வச்சிருப்பாங்க, வராத ஆட்டத்துக்கு." அவன் கையைக் கால்சட்டையில் துடைத்தான். "அன்னைக்கு அந்தப் புள்ளைங்க களத்துல ஓடியிருக்காதுங்க."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நல்லவேளை, நீ கொளுத்துன" என்றான் செட். பிறகு எழுந்து அடுத்த சட்டத்தைத் தூக்கினான். "அந்த ஓரத்தைப் புடி. கனமா இருக்கு."

அவள் பிடித்தாள்.